சேது என்னும் இரண்டெழுத்து

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்க நாட்டிலே ஒரு கடதாசித் துண்டு கைம்மாறிற்று. அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சிறிது குறைவு. நீளம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றே மிகுதி. சிகரட் பெட்டியினுள்ளே விலையின்றி வைத்துக் கொடுக்கப்பட்ட படச்சீட்டு அது. அதற்குக் கிடைத்த விலை 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். இச்செய்தியைக் கேட்ட நம்மவர், பணம் மிகுந்தவர் செய்யும் பைத்தியம் என்று சொல்லி அப்பாற் போய்விடுவர். ஆயின் இத்தகைய ஆசை நமது மன்னார்க் கரையிலும் உண்டு. அதனாலே கெடுவனவும் உண்டு. அதனை நல்வழிப்படுத்தினால் விளையக்கூடிய நன்மையும் உண்டு. ஆதலின் அதுபற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

நமக்குக் கிரிக்கட் எப்படியோ, அமெரிக்கருக்குப் பேஸ்போல் அப்படி. 1909ஆம் ஆண்டு தொடக்கம் 1911ஆம் ஆண்டுவரை அமெரிக்கப் புகையிலைக் கம்பனியார் அவ்வாட்டக்காரர்களின் படங்களை அச்சிட்டுச் சிகரட்டோடு கொடுத்துவந்தனர். பிற்ஸ்பேர்க் அணியில் விளையாடிய ஹோனஸ் வாக்னர் என்பவரின் படம் மட்டும் தொடங்கிய சிறிது காலத்துள் நின்றுவிட்டது. சிறுவர் புகையிலை வாங்குதற்குத் தமது படம் ஏதுவாதலை அவர் விரும்பாமையே காரணம் என்பர் ஒருசாரார். தக்க பணம் தரப்படாமையே காரணம் என்பர் மற்றொரு சாரார். எஞ்சியவை ஐம்பது அறுபது சீட்டுக்களே. அவற்றுள் ஒன்றே மேலே கூறியது. அதே மாதத்தில் 1952ஆம் ஆண்டு அச்சான மிக்கி மான்டில் என்பாரின் சீட்டு ஒரு கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. விலையிலே வாக்னர் பின்தங்கினார். ஆயினும் சீட்டுச் சேர்ப்போர் கனவிலே அவரை எவரும் பின்தள்ளவில்லை. பிரித்தானிய கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சத முத்திரை முத்திரை சேர்ப்போரிடையே பெற்றிருக்கும் இடமும் இத்தகையதே. உலகத்தில் ஒன்றே உள்ளது. 2014ஆம் ஆண்டில் 94 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டது.

நமது நாட்டிலும் அவ்வகை முத்திரை ஒன்று உண்டு. இலங்கையின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1859இல், நான்கு பென்ஸ் பெறுமதியில், மங்கிய ரோசா நிறத்தில், எண்கோண வடிவிலே விக்டோரியா அரசியின் தலை பொறித்த முத்திரை ஒன்று வந்தது. ஓரத்திலே துளை இடாதது. இலங்கை முத்திரை சேர்ப்பவர் எவரைக் கேட்டாலும் பெருமூச்சு விட்டு அதன் பெயரைத்தான் சொல்லுவர். மன்னாரில் எனக்கு நண்பர் ஒருவர் உளர். தபாற்கந்தோரில் நெடுங்காலம் பணிசெய்து ஓய்வுபெற்றவர். அவரும் முத்திரையிலேதான் தொடங்கியவர். அந்த ரோசா நிற முத்திரை கனவிலே வருவதுண்டா என்று ஒருநாள் கேட்டேன்.

"முந்தி வந்தது, பண்டிதர். இப்ப வாறதில்லை. இப்ப எனக்கு வேண்டியது இரண்டெழுத்தும் சிதையாத ஒரு சேதுக் காசு. அதுவும் மன்னார் மண்ணிலே இன்ன இடத்தில் எடுத்தது என்று தெரிந்த காசு. வேறொன்றும் வேண்டாம்" என்றார்.

இந்த விடையிலே ஒரு நுட்பம் இருக்கின்றது. முற்பாதி, எந்தச் சேர்ப்பாளனும் சொல்லக்கூடியது. சிதையாத பொருளை விரும்புதல் இயல்பு. பிற்பாதியே அருமையானது. அதனை விளக்குமுன் காசு எத்தகையது என்பதைக் கூறல்வேண்டும்.

சேதுக் காசு யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளது செப்புக் காசு. ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் இடபம். அதன் கீழே 'சேது' என்னும் எழுத்து. இராசராச சோழன் வெளியிட்ட காசின் மரபிலே வந்த நிற்கும் உருவம் பொலனறுவை அரசரின் காசுகளிலும் காணப்படும். ஆயின் ஒரு வேறுபாடு. சோழன் காசிலும் பொலனறுவைக் காசிலும் பெயர் நாகரி எழுத்திலே பொறிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து அரசர் அவ்வழக்கை விட்டுத் தமிழ் எழுத்தைப் பொறித்தனர். சோழப் பேரரசன் செய்யாததை ஒரு சிற்றரசு செய்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஓர் உவகை உண்டாகும். தமிழ்ப்பண்டிதன் ஒருவனுக்கு அவ்வளவேனும் சலுகை தருதல் வேண்டும்.

எழுத்தைப்பற்றி இன்னுமொன்று. காசை நேரிலே பார்ப்பவர் 'செது' என்றே வாசிப்பர். பிழை காசினதன்று. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டு நெடிலினின்றும் பிரித்துக் காட்டுதல் தொல்காப்பியர் விதி. கல்லிலும் செம்பிலும் பொறித்தோர் அப்புள்ளியைப் பெரும்பாலும் இடுவதில்லை. இன்று நாம் எழுதுகின்ற இரட்டைச் சுழிக் கொம்பு, 18ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் வந்தது. யாழ்ப்பாணத்தின் கடைசி அரசனைப் போர்த்துக்கேயர் பிடித்ததோ 1619ஆம் ஆண்டில். ஆகவே, இரட்டைச் சுழிக் கொம்போடு கூடிய சேதுக் காசை எவனேனும் விற்கவந்தால், அவனுக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

காசிலே அரசன் பெயர் இல்லை. ஆண்டு இல்லை. ஊர் இல்லை. இரண்டே எழுத்து. வாக்னர் சீட்டிலே ஆட்டக்காரர் பெயரும் அணியின் பெயரும் அச்சாகியிருக்கின்றன. அதனை எங்கே எடுத்தாலும், பெட்டியிலிருந்து எடுத்தாலும் குப்பையிலிருந்து எடுத்தாலும், அது வாக்னர் சீட்டே. சேதுக் காசின் இயல்பு அதுவன்று. அது சொல்லுவது ஒரு சொல். எஞ்சியதைச் சொல்லுவது அது கிடந்த மண்.

இது வெறும் கற்பனை அன்று; நடந்த வரலாறு. 19ஆம் நூற்றாண்டிலே நாணயம்பற்றி எழுதிய சிலர், சேது என்ற சொல்லைக் கண்டவுடன், இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என்று முடிவுசெய்தனர். சேது என்றால் இராமேசுவரம். இராமேசுவரம் என்றால் சேதுபதி. எளிதான முடிபு. நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1920ஆம் ஆண்டிலே, இவை மறக்கப்பட்ட யாழ்ப்பாண அரசரின் நாணயங்கள் என்று எழுதினார். 1924ஆம் ஆண்டில் வெளிவந்த கொட்றிங்ரனின் இலங்கை நாணய நூலும் இவற்றை யாழ்ப்பாண அரசுக்கே உரிமையாக்கிற்று. அவ்வரசர் சேதுகாவலர் எனப்பட்டமையும், அவர்தம் சின்னம் இடபம் ஆனமையும், கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமைக் கல்வெட்டிலே சேது என்பது மங்கலமொழியாய் நிற்றலும் சான்றாயின. இவற்றோடு சேர்ந்த பெருஞ்சான்று, காசுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணிலே மிகுதியாகக் கிடைத்தமை. எங்கே கிடைத்தன என்பது தெரியாதிருந்தால் ஏனைய சான்றுகள் பாதி வலுவை இழந்திருக்கும். ஓர் அரசின் காசு அடுத்த கரையார் கணக்கிலே போய்ச் சேர்ந்திருக்கும்.

நண்பரின் ஆசையிலே பிற்பாதி ஏன் அருமையானது என்பது இப்பொழுது விளங்கும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். இரண்டு கரைக்கும் நடுவே, சேதுவின் ஈழத்து வாயிலிலே, நிற்கின்றது மன்னார்த் தீவு. 1344ஆம் ஆண்டு வந்த இபன் பதூதா புத்தளத்துக்கு அணித்தாய் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டதையும், அவ்வரசன் முன்னே முத்துக்கள் குவிந்து கிடந்ததையும் எழுதிவைத்திருக்கின்றார். முத்துச் சலாபத்தின் மீது அவ்வரசர்க்கு எத்துணை ஆட்சி இருந்தது? அவர்தம் காசு மன்னார்ச் சந்தையிலே செல்லுபடியானதா? எந்தக் காலத்தில்? இவற்றுக்கு விடை ஏட்டிலே சிறிது உண்டு. மண்ணிலே மிகுதியாக இருக்கக்கூடும். மன்னாரில் இன்ன ஊரில், இன்ன ஆழத்தில், இன்ன பானையோட்டுடன் எடுத்தது என்ற குறிப்புள்ள ஒரு காசு, குறிப்பில்லாத நூறு காசுக்கு மேலானது.

அப்படி ஒன்று அவரைத் தேடி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், அவருக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவன் பீடிப்பெட்டி ஒன்றிலே பஞ்சு வைத்து அதன்மேல் ஒரு காசைக் கொண்டுவந்தான். இடபம் தெளிவு. இரண்டெழுத்தும் முழுமை. கையால் அடித்த காசிலே அச்சு ஒருபக்கம் விலகி எழுத்துப் பாதி வெளியே போய்விடுதல் பெருவழக்கு. இதிலே அக்குறை இல்லை. நண்பர் கேட்டது ஒரே கேள்வி: "எங்கே எடுத்தது?" வந்தவன் வாய்திறக்கவில்லை. விலையைக் குறைத்தான், மீண்டும் குறைத்தான், ஊரை மட்டும் சொல்லவில்லை. நண்பர் வாங்காமல் அனுப்பிவிட்டார். அன்றிரவு அவர் உறங்கவில்லை என்று அவர் வீட்டார் கூறினர்.

அவர் செய்தது சரியென்று யான் சொன்னேன். அவர் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. "நான் வாங்கியிருந்தால் இங்கே இருந்திருக்கும். இப்ப அது கொழும்புக்குப் போய், அங்கிருந்து எந்த நாட்டுக்குப் போச்சுதோ! சட்டத்தைக் காப்பாற்றினேன், காசை விட்டேன்" என்பது அவர் வாதம். நாங்கள் இருவரும் இதுபற்றிப் பலகாலும் வழக்காடியிருக்கின்றோம். இன்னும் முடியவில்லை.

வந்தவன் ஏன் வாய்திறக்கவில்லை? அச்சத்தினாலே. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என வகுக்கின்றது. கண்டி அரசு பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. நிலத்திலே மறைந்து கிடக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. நிலம் எவருடையதாயினும் ஒன்றே. அனுமதியின்றித் தோண்டுதல் குற்றம். அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோதல் குற்றம். 1998ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கிற்று. சட்டம் பிழையென்று யான் கூறேன். அது இல்லையாயின் மாந்தையிலே இன்று ஒரு கல்லும் எஞ்சாது. புதையல் தோண்டியவர் கருவிகளோடு பிடிபட்டனர் என்ற செய்தி இந்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றது. மந்திரம் ஓதுபவன் ஒருவன், மண்ணுள்ளே உலோகம் காட்டும் கருவி ஒன்று, வாடகை வாகனம் ஒன்று: இம்மூன்றும் சேர்ந்தால் ஒரு கூட்டம். அவர்கள் தேடுவது பொன். பொன் கிடைக்கவில்லையென்று அவர்கள் வாரி எறியும் ஓடுதான் வரலாறு. இவர்மீது இரக்கம் காட்ட வேண்டியதில்லை.

ஆயின் உழவன் ஒருவன் இருக்கின்றான். அவன் தோண்டவில்லை, உழுதான். கிணறு வெட்டுபவன் இருக்கின்றான். மழை கழுவிய வரம்பிலே பச்சை நிறமாய் ஒன்றைக் கண்டு குனிந்து எடுக்கும் பிள்ளை இருக்கின்றது. கண்டவர் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்பது விதி. இவர்களுள் எத்தனைபேர் அதனை அறிவர்? சட்டத்திலே இவர்கள் காதுக்கு எட்டியது தண்டனை மட்டுமே. "பொலிசுக்குக் கொண்டுபோனால் மிச்சம் எங்கே என்று கேட்பான்" என்பது ஊரார் வாக்கு. ஆகவே காசு மடியிலே முடியப்பட்டு, ஒருநாள் பழைய செம்போடு நிறுத்துப் போடப்படும். அன்றேல் பீடிப்பெட்டிக்குள் ஏறும்.

என் மாணவன் ஒருவன் முன்பொருமுறை ஒரு செப்புக் காசு கொண்டுவந்தான். புதிய சதம் போலப் பளபளத்தது. "புளி போட்டுத் தேய்த்தேன், ஐயா" என்றான் பெருமையாக. எழுத்து இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டுமே இருந்தது. உப்பு நிலத்திலே பல நூற்றாண்டு கிடந்த செம்பின் மேலுள்ள பச்சைப் படலத்தின் உள்ளேதான் எழுத்து உயிரோடு இருக்கும். அதனைப் புளியாலும் தேசிக்காயாலும் உரித்தால் எழுத்தும் உடன்போகும். சீட்டுச் சேர்ப்போர் மாசற்ற சீட்டுக்கே மிகுந்த விலை தருவர். அந்தப் பழக்கத்தைக் காசுக்கும் ஏற்றிப் 'பளபளப்பே பெறுமதி' என்று நினைத்தல் பெருங்கேடு.

குறிப்போடு கிடைத்த பொருளின் வலிமை எத்தகையது என்பதற்கு மாந்தையே சான்று. திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினர். அதன் அயலிலே கிடந்த பழந்துறைமுகத்தை 1980ஆம் ஆண்டு தொடக்கம் 1984ஆம் ஆண்டுவரை ஜோன் கார்ஸ்வெல் முதலியோர் அகழ்ந்தனர். போர் மூண்டது, பணி நின்றது. அறிக்கை நூலாய் வெளிவர 2013ஆம் ஆண்டாயிற்று. இடையே 2009, 2010 ஆண்டுகளிலே மீண்டும் ஓர் அகழ்வு நடந்தது. அதிலே கிடைத்தவற்றுள் ஒன்று ஒரு கராம்பு. ஆம், கறிக்கு இடுகின்ற கராம்புதான், ஒன்றே ஒன்று. சந்தையிலே அதற்கு விலையில்லை. எந்தச் சேர்ப்பாளனும் அதனைக் கனவு காணான். ஆயினும் அது எந்த மண்ணடுக்கிலே கிடந்தது என்பது எழுதப்பட்டமையால், கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தது என்று கணித்தனர். கராம்பு அக்காலத்தில் விளைந்தது கிழக்கே மலுக்குத் தீவுகளில் மட்டுமே. அங்கிருந்து மாந்தைவரை ஒரு கடல்வழி இருந்தமைக்கு அவ்வொரு கராம்பு சாட்சி சொல்லுகின்றது. கராம்பு பேசுகின்றது, பீடிப்பெட்டிக் காசு பேசவில்லை.

பிற நாட்டார் இதற்கு என்ன செய்தனர்? இந்தியாவில் 1878ஆம் ஆண்டிலேயே புதையற் சட்டம் ஒன்று பிறந்தது. பத்து ரூபாவுக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள புதையலைக் கண்டவன் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும். அறிவித்தால் அவனுக்கும் நிலத்துக்குரியவனுக்கும் பங்கு உண்டு. பயமும் உண்டு, பயனும் உண்டு. இங்கிலாந்திலே 1996ஆம் ஆண்டுச் சட்டம், புதையல் நூதனசாலைக்குப் போகுமிடத்து அதன் சந்தை விலை பரிசாகக் கிடைக்க வழிசெய்கின்றது. அங்கே 1997ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் ஒன்று இன்னும் சிறப்புடையது. புதையல் அல்லாத சிறு பொருள்களையும் கண்டவர் கொண்டுவந்து காட்டலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவர். பத்து இலட்சத்துக்கும் மேலான பொருள்கள் அவ்வாறு பதிவாகியுள்ளன. பொருளைவிடக் குறிப்பே பெரிதென்று உணர்ந்தவர் செய்யும் வேலை அது. உலோகங்காட்டும் கருவியோடு வயலிலே திரிவதை அங்கே பொழுதுபோக்காக ஏற்கின்றனர். அதனை இங்கே ஏற்றல் கூடாது. நமது நிலத்திலே போர் புதைத்த இரும்பும் உண்டு.

சேர்ப்போரையெல்லாம் கள்வர் என்று கூறும் ஒரு வழக்கும் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. அது நன்றியற்ற பேச்சு. நாணயவியல் என்ற துறையே சேர்ப்போர் இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்தது. ஆசையில்லாதவன் கண்ணுக்குப் பச்சைச் செம்பு ஒரு குப்பை. குற்றம் ஆசையிலே இல்லை. எங்கே என்று கேளாமல் வாங்குவதிலே இருக்கின்றது. வாங்குவோர் எல்லாரும் என் நண்பரைப்போல அவ்வொரு கேள்வியைக் கேட்பாராயின், வாய்திறவாதவன் காசுக்கு விலையே இராது.

மன்னாரிலே மண் இப்பொழுது முன்னெப்போதும் இல்லாத அளவில் கிளறப்படுகின்றது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பெற்ற தம்பபவனிக் காற்றாலைக்கு 30 கோபுரங்கள் நாட்டப்பட்டன. மேலும் காற்றாலை அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025ஆம் ஆண்டில் தீவு மக்கள் தெருவிலே அமர்ந்தனர். அவர்கள் கவலை நிலத்தடி நீரையும் மீன்பிடியையும் வெள்ளத்தையும் பற்றியது, நியாயமான கவலை. மண்ணிலே கிடக்கும் பழமையைப்பற்றி அங்கே எழுந்த குரல் மெலிது. வீதி அகலிக்கின்றது, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகின்றார்கள், மண் லொறியிலே ஏறி வேறூருக்குப் போகின்றது. அம்மண்ணோடு போகும் காசு நாளை வேறோர் ஊரிலே எடுக்கப்பட்டால், ஆராய்வோனுக்கு அது பொய்ச் சான்றாகிவிடும்.

பெருஞ்செலவுள்ள ஒன்றையும் யான் கேட்கவில்லை. ஒற்றைத் தாளிலே ஒரு படிவம், தமிழிலும் சிங்களத்திலும். கண்டவர் பெயர், ஊர், காணியின் பெயர், எவ்வளவு ஆழம், உடன் கிடந்தவை எவை. படிவம் ஒவ்வொரு கிராம அலுவலரிடமும் பள்ளிக்கூடத்திலும் இருத்தல்வேண்டும். பொருளைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு ஒன்று. உழுதபோதும் வெட்டும்போதும் தற்செயலாய்க் கண்டதை இத்தனை நாளுள் கொண்டுவந்து கொடுப்பவர்மீது வழக்கில்லை என்னும் ஒரு வரி, படிவத்தின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில். தகுந்த பரிசு. காசு கண்ணாடிப் பெட்டியிலே வைக்கப்படும் நாளில், அதன் பக்கத்துச் சீட்டிலே கண்டெடுத்த உழவனின் பெயர். இவற்றுள் கடைசியானதே பெரிதும் வேலைசெய்யும் என்பது ஆசிரியத்தொழிலிலே யான் கண்டது. பிள்ளைகள் பரிசுப் புத்தகத்தை மறப்பார்கள், பலகையிலே எழுதிய பெயரை மறக்கமாட்டார்கள்.

என் நண்பரிடம் இத்திட்டத்தைச் சொன்னேன். "அப்படி வந்தால், என் கனவுக் காசு என்னிடம் வராதே, நூதனசாலைக்கல்லோ போய்விடும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "போகட்டும், போய்ப் பார்க்கலாம்" என்றார். படிவத்தை எழுதித்தர அவரே இசைந்திருக்கின்றார். தபாற்கந்தோரிலே படிவம் நிரப்பிப் பழகிய கை. மாரி தொடங்கிக் கட்டுக்கரைக் குளத்து நீர் வயலுக்கு வந்துவிட்டால் பெரும்போகத்து உழவு தொடங்கிவிடும். அதற்குமுன் அது கச்சேரி மேசைக்குப் போய்ச் சேரவேண்டும்.